முப்பத்தெட்டாம் அளவு

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்னெழுத்தோடு, வீட்டுக் கதவு எண்ணோடு எல்லாம் நினைவிருக்கிறது. எழுத மனசில்லை, அவ்வளவுதான். பதினொரு வருஷம் என் கையை வைத்துப் பத்திரிகை நடத்தியவர் என் பெயரை ஒரே ஒரு தடவைதான் அச்சில் போட்டார். எதற்காகப் போட்டார் என்று சொல்லத்தான் இன்றைக்குத் தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காரைக்காலில் தருமபுரம் பக்கம் அவர் வீடு. முன்னறைதான் அலுவலகம். ரவிக்கை, நகை, ஜடை, ஒப்பனை என்று பெண்களுக்காக மாதம் ஒரு இதழ். ஐம்பது வயது இருக்கும் அப்போது. கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திப் புடவை, சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, பச்சை மைப் பேனா. எந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவார். "முன்னாடி பூரா விளம்பரம்டி. துணி பின்னாடிதான் இருக்கும்" என்பார். குரல் இருக்கிறதே, அடேயப்பா, அப்படி ஒரு குழைவு. அந்தக் குரலில் திட்டினால்கூட யாரையோ பாராட்டுகிறார் என்றுதான் தோன்றும்.

அந்தக் குரலுக்கென்று தனியாக ஓர் இலக்கணம் உண்டு. நல்லது எது நடந்தாலும் அதை 'நாம' செய்திருப்போம். கெட்டது எது நடந்தாலும் அது தானாக நடந்திருக்கும். "இந்த மாசம் அட்டைய நாம பிரமாதமா பண்ணிட்டோம்ல?" என்பார். அதே வாயால், என் கண்ணெதிரில் முழங்கையை வீசி, மாதிரிக்குத் தைத்த ரவிக்கைமேல் டீ கிளாஸைத் தட்டிவிட்டு, "டீ கொட்டிடுச்சு பாரு" என்பார். ஏதோ டீயே முடிவுபண்ணி எழுந்து வந்த மாதிரி அதை ஒரு பார்வை வேறு. ஆரம்பத்தில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீட்டில் எங்கம்மாவிடம் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு தடவை மூக்குடைபட்டார். காரைக்கால்மேட்டில் படகுகளுக்கு நடுவே அட்டைப்படம் எடுக்கப் போயிருந்தோம். வெள்ளைச் சுங்குடிப் புடவையோடு மாடல் பெண் ஒரு படகில் சாய்ந்து நிற்க, இவர் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து பார்த்துக்கொண்டு போய், காயப்போட்டிருந்த வலைமேல் செருப்புக் காலோடு ஏறி நின்றுவிட்டார். வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் போட்டாள் ஒரு சத்தம்.

"அய்யய்யோ, மிதிபட்டுடுச்சும்மா" என்றார் இவர், தேனொழுக.

"தானா மிதிபடுமா? காலு யாருதுடியம்மா?" என்றாள் அவள்.

இவர் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கே அந்த அம்மாளிடம் பேசக் கற்றுக்கொண்டிருந்தால் என் வயிற்றெரிச்சலில் பாதி குறைந்திருக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, அவருக்குக் கண் அப்படிப்பட்ட கண். நான் போலகத்தில் வீட்டோடு தைத்துக்கொண்டிருந்தவள். ஒரு கல்யாணத்தில் யாரோ டீச்சர் போட்டிருந்த ரவிக்கையைப் பார்த்துவிட்டு, தைத்தது யார் என்று விசாரித்து, அவரே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றார். வந்ததும் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ரவிக்கையை எடுத்து உள்பக்கம் திருப்பினார். விளிம்பு விளிம்பாக விரலை ஓட்டினார்.

"வெளிய அழகா எல்லாரும் தச்சுடுவாங்க. உள்ள யாரு பாக்கப்போறான்னு விட்டுடுவாங்க. நீ விடல. நீ நம்ம பொண்ணும்மா" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்விட்டது. அதுவரை என் தையலை யாருமே உள்பக்கம் திருப்பிப் பார்த்ததில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்கு நான் கடலில்கூட இறங்கியிருப்பேன்.

முதல் இதழ் வந்தது. நான் தைத்த நாலு ரவிக்கையும் வழவழ தாளில் ஜொலித்தன. கீழே பொடி எழுத்தில் 'தையல்: நம்ம பொண்ணு' என்று இருந்தது. படம் எடுத்தவர் பெயர் இருந்தது, மாடல் பெயர் இருந்தது, நகை கொடுத்த கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"அக்கா, என் பேரு போடலியே?" என்று கேட்டேன்.

"உன் பேரு என்ன சொன்ன? தையல்நாயகியா? ஐயையோ! தையல் போடுறவ பேரு தையல்நாயகின்னா எவடி நம்புவா? பத்திரிகையில நாமளே உக்காந்து வச்ச பேருன்னு நினைச்சுக்குவாங்க. 'நம்ம பொண்ணு'ன்னா எவ்வளவு பாசமா இருக்கு பாரு."

எங்கம்மா வைத்தீசுவரன்கோயில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயர். எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு தையல்நாயகி இருப்பாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சிரித்ததுதான் நான் செய்த முதல் தப்பு. பாருங்கள், என் தப்பை நான் சொல்கிறேன். வாய் ஒன்றும் வெந்துபோகவில்லை.

இப்போது முப்பத்தெட்டுக்கு வருகிறேன்.

அவருடைய நாத்தனார் பிரான்சில் இருந்தார். வருஷத்துக்கு இரண்டு மூன்று பார்சல் வரும். உள்ளே அந்த ஊர் உடைப் பத்திரிகைகள், வெட்டும் அளவுத் தாளோடு. அதில் கோட்டுக்கும் கவுனுக்கும் வைத்திருக்கிற கையை, காலரை, முதுகு வெட்டை நம் புடவை ரவிக்கைக்கு இறக்குவதுதான் எங்கள் வேலை. மற்ற பத்திரிகைகளெல்லாம் அதே ஜன்னல் வைத்த முதுகையே போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் இதழ் கடையில் நிற்காமல் விற்றுப்போனதற்கு அதுதான் காரணம். படத்தை அவர் தேர்ந்தெடுப்பார். அளவை நான் போடுவேன்.

ஒரு தீபாவளி இதழுக்கு, தோளில் மடிப்பு வைத்த ஒரு கை. அதை வைத்து ரவிக்கையின் முழு அளவுத் தாளையும் இலவச இணைப்பாகக் கொடுப்பதென்று முடிவாயிற்று. வாசகிகள் தாளைத் துணிமேல் போட்டு அப்படியே வெட்டிக்கொள்ளலாம். பிரெஞ்சுத் தாளில் 38 என்று போட்டிருந்தது. அது அந்த ஊர்க் கடைக் கணக்கு. நம் டேப்பை வைத்து அளந்தால் மார்பு சுற்றளவு முப்பத்துநாலரை அங்குலத்துக்குத்தான் வரும். நான் அளந்து பார்த்து, சீட்டில் தெளிவாக 34½ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மூலத்தைப் பார்த்தார், என் சீட்டைப் பார்த்தார், பச்சை மையால் என் எண்ணை அடித்துவிட்டு 38 என்று எழுதினார். அங்குலம் என்றும் பக்கத்தில் சேர்த்தார்.

"அக்கா, அது அவங்க சைஸுக்கா. அங்குலம் இல்ல" என்றேன்.

"பாரிஸ்காரனுக்குத் தெரியாதாடி, போலகத்துல உனக்குத் தெரிஞ்சுட்டுதா?" என்று கன்னத்தைத் தட்டினார். இதழ் அச்சுக்குப் போய்விட்டது.

தீபாவளிக்கு ஊரூராகப் பட்டில் கத்தரி வைத்தார்கள். முப்பத்தெட்டு அங்குல உடம்புக்கு முப்பத்துநாலரை ரவிக்கை. பிரித்துத் தைக்க உள்ளே துணி இருந்தால்தானே? வெட்டின துணி வெட்டினதுதான். கடிதம் வந்து குவிந்தது. தொலைபேசியில் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா கதறியதை நானே கேட்டேன். கூறைப் புடவைக்கு எடுத்த ரவிக்கைத் துணியாம்.

அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டியிருந்தார். 'திருத்தம்: சென்ற இதழின் இலவச இணைப்பில் அளவு தவறாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அளவுகளைத் தயாரித்தளித்த செ. தையல்நாயகி (போலகம்) அவர்களின் கவனக்குறைவால் நேர்ந்த இப்பிழைக்கு வருந்துகிறோம்.'

அதுதான் அந்த ஒரு தடவை. முன்னெழுத்து, ஊர், 'அவர்கள்' எல்லாம் வைத்து, ஒரு எழுத்துப் பிசகாமல்.

இதழைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே போய் நின்றேன். "நான் 34½-னுதானேக்கா எழுதுனேன்?"

"தெரியும்மா. யாரு இல்லன்னா? ஏதோ ஒரு பேரு போடணும்ல, போட்டாச்சு. கடைசிப் பக்கத்த எவ படிக்கிறா? அடுத்த மாசம் பழைய பேப்பருக்குப் போயிடும், பஜ்ஜி மடிக்க. போ, வாடா வாங்கி வச்சிருக்கேன், ஆறிடப்போகுது, சாப்பிடு."

வாடா என்றால் இறால் வைத்துச் சுடும் எங்கள் ஊர்ப் பலகாரம். சாப்பிட்டேன். அதைச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டு நிலைமை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே கறுவிக்கொண்டே தைத்தேன். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. காகிதத்துக்கு மறதி உண்டு. மறு மாதமே அந்தக் கட்டம் யாருக்கும் நினைவில்லை.

பிறகு காகிதத்துக்கே கெட்ட காலம் வந்தது. கடைகளில் தோரணமாகத் தொங்கிய பத்திரிகைகள் குறைந்தன. ஏஜெண்டுகள் விற்காத கட்டுகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். பெண்கள் ரவிக்கை டிசைனை ஃபோனில் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்று தையல்காரியிடம் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். மற்ற ஆசிரியர்கள் கடைசி இதழில் கண்ணீர்த் தலையங்கம் எழுதிவிட்டுக் கடையைச் சாத்தினார்கள். இவர் அழவில்லை. "தாளுதான போச்சு, கழுத்தும் கையும் போயிடலயே" என்றார். மூன்றே மாதத்தில் ஒரு இணையதளம், ஒரு சேனல். இதழை நிறுத்திய வாரமே முன்னறை மேஜையைக் காலி பண்ணி, மேலிருந்து ஒரு ஃபோனைக் கவிழ்த்து மாட்டினார்.

மேஜைமேல் என் கை. மேலே அவர் குரல். என் முகம் எதிலும் வராது.

"கைக்கு எதுக்குடி முகம்?" என்பார்.

நகத்துக்கு மங்கலான பூச்சு போடச் சொன்னார். இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல் மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒரு கழுத்து இறக்கத்தை வெட்ட நாலு தடவை, ஐந்து தடவை. "இன்னொரு தடவ. கத்தரி சத்தம் சரியா விழல." துணி வீணாகும், அப்போது மட்டும் அது 'நீ வீணாக்கிட்ட' ஆகும். நான் வெட்டும்போது பக்கத்தில் நின்று, "இப்ப நான் இந்த இடத்துல அரை அங்குலம் விட்டு வெட்டுறேன், பாத்துக்குங்க" என்று அவர் பேசுவார். நான்! அவர் வாயிலிருந்து அந்த 'நான்' வருவதே அபூர்வம். வந்தால் என் கைக்கு மேல்தான் வரும்.

கீழே கருத்துகள் வந்து விழும். 'அக்கா உங்க கை எவ்ளோ அழகா இருக்கு.' 'மேடம் உங்க விரலப் பாத்துக்கிட்டே இருக்கலாம்.' மலேசியாவிலிருந்து, இலங்கையிலிருந்து, துபாயிலிருந்து. ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து இதயம் போடுவார். ஒன்றுக்காவது 'அது என் கை இல்லை' என்று எழுதினாரா? கிடையாது. ஒரு வளைகாப்பில் அவரைப் பார்த்தேன். கஞ்சிப் புடவை, சங்கிலிக் கண்ணாடி, இரண்டு கையிலும் என்றைக்கும் இல்லாமல் இரண்டிரண்டு பச்சைக் கண்ணாடி வளையல். யாரோ ஒரு பெண் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.

இதற்கு நடுவில் பழைய இதழ்களையெல்லாம் எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து இணையதளத்தில் ஏற்றினார். 'நம் பொக்கிஷம்' என்று அதற்குத் தனிப் பகுதி. ரொம்பப் பெருமை. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அரசாங்கம் நடத்தும் ஒரு பயிற்சி நிலையத்தில் தையல் ஆசிரியை வேலை காலியிருந்தது. நிரந்தர வேலை. எங்கம்மா படுக்கையில் விழுந்திருந்த சமயம். போனேன். ரவிக்கை வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன். தேர்வுக்குழுவில் ஒரு அம்மா எழுந்து வந்து உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"பத்திரிகையில வேலை பாத்ததா சொல்றீங்களே, ஏதாவது உங்க பேரோட வந்திருக்கா?" என்று கேட்டார்.

அவரே ஃபோனை எடுத்து என் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடினார். ஒன்றே ஒன்று வந்தது. வாசித்தார். பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். பிறகு ஃபோனை என் பக்கம் திருப்பி, "இது நீங்கதானா?" என்றார். அந்தக் கட்டம். கவனக்குறைவால் நேர்ந்த இப்பிழை.

"அந்தப் பிழை என்னுது இல்லைங்க" என்றேன்.

"பேரு உங்க பேருதானே?"

வீடியோவில் வருகிற கை என்னுடையது என்று சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது. வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது.

அங்கிருந்து நேரே தருமபுரம் போனேன். போகிற வழியில் பஸ்ஸில் அந்தப் பொக்கிஷத்தைத் திறந்து பார்த்தேன். தீபாவளி இதழும் இருந்தது. அதில் 38 இல்லை. '34½ அங்குலம்' என்று அழகாக மாற்றியிருந்தது. தப்பைக் காணோம். தப்புக்கு வருத்தம் தெரிவித்த கட்டம் மட்டும் என் பெயரோடு அப்படியே இருந்தது.

"அந்தக் கட்டத்த எடுத்துடுங்கக்கா" என்றேன்.

"பழைய இதழ்ல கை வைக்கக் கூடாதும்மா. அது ஆவணம்."

"அப்ப 38-ஐ மட்டும் மாத்தியிருக்கீங்களே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது மாறிடுச்சு" என்றார்.

டேப்பைச் சுருட்டி, கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த வருஷமே எங்கம்மா போய்ச் சேர்ந்தாள். துக்கத்துக்கு அவர் வந்தார், ரோஜா மாலையோடு. வந்தவர்களிடமெல்லாம் "நம்ம பொண்ணோட அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு வருஷம் என் பழைய வீடியோக்களையே துண்டு துண்டாக நறுக்கி, பாட்டுச் சேர்த்து, புதிதாக எடுத்தது போலப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் காலை பத்து மணிக்கு என் வாசலில் கார் நின்றது. பழம், இனிப்பு, ஒரு புடவை, ஒரு பிளாஸ்டிக் உறை.

விஷயம் இதுதான். சென்னையில் தையல் சொல்லித்தரும் ஆப் ஒன்றை நடத்தும் கம்பெனி அவருடைய சேனல், இணையதளம் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்ள வருகிறது. அவருக்கு அதில் ஆசிரியர் பதவி, பெரிய படம், எல்லாம் உண்டு. ஆனால் வீடியோவில் தெரிகிற ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். யாருடைய கை என்று எழுத வேண்டும். அவர்கள் படிவத்தில் 'நம்ம பொண்ணு' செல்லாது.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "உன் இனிஷியல் 'செ'யா, 'சே'யாம்மா?"

"திருத்தத்துல சரியாத்தானேக்கா போட்டிருந்தீங்க? அதப் பாத்து எழுதுங்க."

அவர் முகம் மாறியதை நான் கண்குளிரப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், இனித்தது.

"பழசையெல்லாம் கிளறாதடி. எல்லா வீடியோவுலயும் உன் பேரைப் போடச் சொல்றேன். போதுமா? கை: தையல்நாயகி. கொட்டை எழுத்துல."

"பேரு வேணாங்கக்கா. ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. 'தீபாவளி இதழ்ல 38 அங்குலம்னு எழுதினது நான்.' உங்க முகம் தெரியணும், உங்க குரல்ல சொல்லணும். அத சேனல்ல போடுங்க. நான் கையெழுத்து போடுறேன்."

"இவ்வளவுதானா!" என்று சிரித்துவிட்டுக் கொண்டையைச் சரிசெய்துகொண்டார். நான் ஃபோனைத் தையல் மிஷின்மேல் சாய்த்து வைத்தேன்.

முதல் தடவை: "அந்த இதழ்ல அளவு 38-னு தப்பா வந்துடுச்சு."

"வரலக்கா, எழுதுனீங்க. இன்னொரு தடவ" என்றேன்.

இரண்டாம் தடவை: "38 என்று தவறாக எழுதப்பட்டது." மேடைத் தமிழ்!

"யாரால? இன்னொரு தடவ."

மூன்றாம் தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "நாம அத 38-னு எழுதிட்டோம்." ஆகா! என் ஆயுசில் ஒரு தப்புக்கு அவர் வாயிலிருந்து 'நாம' வந்தது அன்றைக்குத்தான். அதுவும் எதற்கு? பாதியை என் தலையில் கட்ட.

"நாம இல்லக்கா. நான் 34½-னுதான் எழுதுனேன். இன்னொரு தடவ."

நாலாம் தடவை "நான்" என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு ஐந்தாம் தடவை "நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல" என்று ஆரம்பித்தார். நான் ஃபோனை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அறுபது கடந்த மனுஷி, கஞ்சிப் புடவை கசங்க, ஒரு எழுவாயைத் தேடித் திணறிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அப்படியே இன்னும் நூறு தடவை எடுக்க எனக்குத் தெம்பு இருந்தது.

ஆறாம் தடவை என்ன நினைத்தாரோ, ஃபோனை நேராகப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "இந்தப் பொண்ணு பேரு தையல்நாயகி. போலகம். நீங்க இத்தன வருஷமா பாத்த கை இவ கை. இவ இல்லன்னா இந்தப் பத்திரிகையும் இல்ல, நானும் இல்ல. இத முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். குரல் உடைந்தது. அந்தக் குழைவு இல்லாத குரலை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

எனக்கும் பொலபொலவென்று வந்துவிட்டது. எங்கம்மா இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். பேனாவைக் கையில் எடுத்தேன். படிவத்தைப் பக்கத்தில் இழுத்தேன். நிப்பு தாளில் படுவதற்கு முன்னால், சும்மா, ஒரு வார்த்தை கேட்டேன்.

"அப்ப அந்த 38, அக்கா?"

"அது அச்சுப்பிழைடி" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பேனாவை மூடினேன்.

"ஒரு எண்ணுக்காக இப்படிப் பண்றியே! நீ போடலன்னா எல்லா வீடியோவையும் எடுக்கணும்னு வக்கீல் சொல்றார். போறது உன் கையும்தானடி? உன் வேலையும்தானே?" என்று கத்தினார்.

அது உண்மை. அத்தனை ரவிக்கையும், அத்தனை கழுத்தும், அத்தனை வருஷமும் அதற்குள்தான் இருந்தன. என்னிடம் வேறு எதுவும் இல்லை. ஒரு நிமிஷம் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"போகட்டும்" என்றேன்.

பழத்தையும் புடவையையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் என் கை ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. கம்பெனியும் விலகிக்கொண்டது. கடைசி வீடியோவும் போன அன்றைக்கு என் பெயரைத் தேடிப் பார்த்தேன். அந்தத் திருத்தக் கட்டம் மட்டும் இருந்தது. அதில் என் கை இல்லையே, பெயர்தானே? அதை எடுக்கச் சட்டம் சொல்லவில்லை போலும்.

ஆறு வீடியோவும் என் ஃபோனில் இருக்கின்றன. ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். போட்டால் கடைசியில் அவர் அழுவதைத்தான் பார்ப்பார்கள். ஒரு வயதான அம்மாவை ஒருத்தி உட்கார வைத்து வதைக்கிறாள் என்பார்கள். என்னைத் திட்டிவிட்டு அவருக்கு இதயம் போடுவார்கள். நான் அவ்வளவு ஏமாளி இல்லை.

இப்போது அவர் புதிதாக ஒரு சேனல் ஆரம்பித்திருக்கிறார். அவர் குரலுக்கு அவர் கையே. கத்தரி பிடிக்கும் கை நடுங்குகிறது. கழுத்து கோணலாக வருகிறது. தினமும் காலையில் ஒரு வீடியோ போடுகிறார். உலை வைத்துவிட்டு வந்து நான் முதல் ஆளாகப் பார்க்கிறேன். கீழே எழுதுகிறேன்: '38 என்று எழுதியது யார், அக்கா? — செ. தையல்நாயகி, போலகம்.'

அவர் அழித்துவிடுவார். மறுநாள் மறுபடி எழுதுவேன். மறுபடி அழிப்பார். ஆளையே வரவிடாமல் தடுக்க அதில் ஒரு பொத்தான் இருக்கிறது, அது அவருக்குத் தெரியவில்லை. ஃபோனில் எது எங்கே என்று காட்டிக்கொடுக்க முன்பெல்லாம் பக்கத்தில் நான் இருந்தேன். இப்போது வேறு யாரும் இல்லை, அவரேதான் உட்கார்ந்து அழிக்கிறார். நேற்று பதினொரு நிமிஷம் இருந்தது. இன்றைக்கு நாலே நிமிஷம். காத்துக்கொண்டே இருந்திருப்பார் போல. காத்திருக்கட்டும். அழிப்பதற்கு முன்னால் என் பெயரை ஒரு தடவை வாசித்துத்தானே ஆகவேண்டும்.